உப்புக்கும் பாலை மரத்துக்கும் ஈடுகொடுக்கும் கத்தி: திருகோணமலையில் களவேலைக்குத் தெரிவு செய்வது எப்படி

கறுப்புப் பூச்சு, முதுகில் வாள்பல், பிடியின் அடியில் ஒரு திசைகாட்டி. கடையில் 'டக்டிக்கல்' என்று சொல்லி நீட்டப்படும் பல கத்திகளில் இந்த மூன்றும் இருக்கும். மூன்றில் ஒன்றுகூடக் கத்தியைப் பலப்படுத்தாது. பலம் இருப்பது கண்ணில் படாத இடங்களில்: பிடிக்குள் போகும் இரும்பு, உருக்கின் இனம், அதற்கு வைத்த தோய்ச்சல் (சூடாக்கித் தோய்த்துக் கடினமாக்குவது), வாய்க்கு, அதாவது வெட்டும் விளிம்புக்கு, நேர் பின்னாலுள்ள தடிப்பு.

எங்கள் பக்கத்தில் இன்னும் இரண்டைக் கணக்கில் எடுக்க வேண்டும். ஒன்று உப்பு. நிலாவெளி உப்பளத்திலிருந்து கொட்டியாரக் குடா வரை காற்றே உப்பாக இருக்கிறது. வள்ளத்துக்குக் கொண்டுபோகாத கத்தியும் கரையோர வீட்டு அலுமாரிக்குள் கிடந்தே துருப்பிடிக்கும். மற்றது மரம். கந்தளாய்ப் பக்கக் காட்டிலும் புல்மோட்டைப் பற்றையிலும் வெட்டுப்படுவது பாலை, வீரை, முதிரை. காய்ந்த பாலைக் கட்டை தண்ணீரில் தாழும் அளவுக்குப் பாரமானது. சுவீடனில் செய்யும் கத்தி பைன், பேர்ச் மரங்களைச் சீவிப் பழகிய வாயோடு வருகிறது. அதே வாயைக் காய்ந்த வீரைக் கணுவில் இறக்கினால் பல்லுப்பல்லாக உடைந்து வரும். கத்தி மோசமென்று அதற்கு அர்த்தமில்லை, அந்த மரத்துக்கு அந்த வாய் மெல்லியது.

நீளத்திலிருந்து தொடங்குங்கள். கயிறு அறுக்க, மீன் வெட்ட, தடி சீவ, மூட்டை கிழிக்க, விறகு பிளக்க என்று எல்லாவற்றுக்கும் ஒரே கத்தி வேண்டுமென்றால் அலகு 10 முதல் 13 செ.மீ. வரை இருக்கட்டும். 18 செ.மீ. அலகு பார்க்கக் கம்பீரமாக இருக்கும். ஆனால் மீனின் வயிற்றைக் கீறவும் தூண்டில் முடிச்சை எடுக்கவும் கை தடுமாறும். கொத்தி வெட்டும் வேலைக்கோ அதுவும் போதாது. அந்த வேலைக்குக் காட்டுக்கத்தி இருக்கிறது; அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறோம்.

பிடிக்குள் என்ன இருக்கிறது

அலகு பிடிக்குள் தொடர்ந்து போகும் பகுதியை 'வால்' என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர்கள் 'புல் டாங்' என்பது, பிடியின் முழு நீளத்துக்கும் முழு அகலத்துக்கும் இரும்பு ஓடுவதை. பிடியைப் பக்கவாட்டில் பார்த்தால் இரண்டு பிடித்துண்டுகளுக்கும் நடுவே இரும்பின் விளிம்பு சுற்றிவரத் தெரியும். தெரிந்தால் ஐயமில்லை.

தெரியாவிட்டால் கெட்ட கத்தி என்று உடனே தள்ளிவிடவும் வேண்டாம். 1942 இல் அமெரிக்க மரைன் படை ஏற்றுக்கொண்ட கா-பார் கத்தியின் வால் ஒடுக்கமானதுதான். போரில் அது நன்றாகவே உழைத்தது. தவிர்க்க வேண்டியது உள்ளீடற்ற குழாய்ப் பிடி. தீப்பெட்டியும் தூண்டிலும் வைக்க வசதியாகப் பிடி வெறும் குழாயாக இருக்கும். அலகோ ஒரு சிறிய புரியாணியில் நிற்கும். இரண்டு தடவை நெம்பினால் அந்த ஆணி முறியும், அலகு எங்கே பறக்கும் என்று சொல்ல முடியாது.

வால் முழுதாக இருந்தாலும் முறியும் ஓர் இடம் உண்டு: அலகும் வாலும் சேரும் தோள். அங்கே உள்மூலை செங்கோணமாகக் கூராக வெட்டப்பட்டிருந்தால் இழுவை முழுவதும் அந்த ஒரு புள்ளியில் குவியும். மூலையை வளைத்து உருட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். பிடித்துண்டு திருகாணியால் பூட்டப்பட்ட கத்தியென்றால் கழற்றிப் பார்க்கலாம். கழற்றக்கூடிய பிடிக்கு இந்த ஊரில் வேறொரு பெறுமதியும் இருக்கிறது: உள்ளே புகுந்த உப்பைக் கழுவலாம்.

உருக்கு

'ஸ்டெயின்லெஸ்' என்று மட்டும் எழுதியிருந்தால் அது ஒன்றும் சொல்லவில்லை. 'சர்ஜிக்கல் ஸ்டீல்' என்பதும் அப்படியே. உருக்கின் இலக்கம் அலகிலோ பெட்டியிலோ இல்லாத கத்தியை வாங்காதீர்கள். வெறும் '420' என்று இருந்தால் பெரும்பாலும் மென்மையான உருக்கு. துரு குறைவு, ஆனால் கூர் ஒரு மூட்டை கிழிப்பதற்குள் போய்விடும்.

1095 என்பது ஏறக்குறைய 0.95 வீதம் கரிமம் உள்ள சாதாரண உருக்கு. நல்ல தோய்ச்சல் வைத்தால் அடி தாங்கும், சாணைக்கல்லில் சுகமாகக் கூராகும். ஆனால் குரோமியம் இல்லை. இரவு வள்ளத்தில் ஈரத்தோடு விட்டால் விடியும்போது செம்புள்ளி விழுந்திருக்கும். தம்பலகாமம், கந்தளாய் போன்ற, கடற்கரையை விட்டுத் தள்ளிய பக்கங்களில் வயலுக்கும் காட்டுக்கும் இது நல்ல தெரிவு. கிண்ணியா, மூதூர், குச்சவெளி என்று கடலோடு சீவிப்பவர்களுக்கு இதைச் சொல்ல மாட்டோம்.

டி2 உருக்கில் 12 வீதமளவு குரோமியம் இருப்பதால் 'அரை ஸ்டெயின்லெஸ்' என்று விற்பார்கள். அந்தக் குரோமியத்தில் பெரும்பங்கு கரிமத்தோடு சேர்ந்து கடினத் துகள்களாகப் போய்விடுகிறது. துருவைத் தடுக்க மிஞ்சுவது குறைவு. அந்தத் துகள்களால் கூர் நெடுநாள் நிற்கும், அதே துகள்களால் வாய் உடையவும் உடையும். கடலுக்கும் சரியில்லை, நெம்புவதற்கும் சரியில்லை.

கரையோரத்துக்கு எங்கள் தெரிவு 14சி28என் என்ற உருக்கு. 14 வீதம் குரோமியம், 0.62 வீதம் கரிமம், கொஞ்சம் நைதரசன். துருவையும் தாங்கும், அடியையும் தாங்கும், கூராக்குவதும் கடினமில்லை. மோரா நிறுவனத்தின் கார்பெர்க் கத்தி இந்த உருக்கில் கிடைக்கிறது: அலகு 109 மி.மீ., தடிப்பு 3.2 மி.மீ., முழு வால். நாள் முழுக்க உப்புநீரில் நனையும் வேலையென்றால் எல்சி200என் இன்னும் மேல். அதில் கரிமத்தின் வேலையில் ஒரு பங்கை நைதரசன் செய்கிறது, துரு கிட்டத்தட்ட இல்லை. விலை கூட, கிடைப்பதும் அரிது.

உருக்கின் கடினத்தை ராக்வெல் என்ற அளவில் சொல்வார்கள். அது 56 முதல் 59 வரை இருந்தால் களவேலைக்குப் போதும். 61, 62 என்று பெருமையாக எழுதியிருந்தால் அது சமையலறைக்கு நல்லது. கணுவில் பட்டால் உடையும்.

கறுப்புப் பூச்சு அலகின் பக்கங்களைக் கொஞ்சம் காக்கும். வாயில் பூச்சு இல்லை. துரு தொடங்குவது அங்கேதான். பூச்சில் விழும் கீறலுக்கு அடியிலும் துரு மெதுவாகப் பரவும், வெளியே தெரியாது.

தடிப்பும் வாயும்

முதுகுத் தடிப்பு 3 முதல் 4.5 மி.மீ. வளைவுக்கு எதிரான விறைப்பு தடிப்பின் மூன்றாம் அடுக்கோடு கூடுகிறது: 3 மி.மீ. அலகைவிட 4 மி.மீ. அலகு இரண்டே கால் மடங்குக்கு மேல் விறைப்பானது. அதனால் 6 மி.மீ. தேடி ஓட வேண்டியதில்லை. 6 மி.மீ. அலகு ஆப்பு மாதிரி. தேங்காய் மட்டையில் பாதியில் இறுகி நிற்கும்.

முதுகைவிட முக்கியமானது வாய்க்கு நேர் பின்னாலுள்ள தடிப்பு. வேர்னியர் அளவுகருவி கொண்டு, கூர் தீட்டிய பட்டை தொடங்கும் இடத்தில் அளந்து பாருங்கள். 0.5 முதல் 0.8 மி.மீ. வரை சரி. 0.3 என்றால் மீன் அழகாக வெட்டும், பாலையில் உடையும். 1 மி.மீ.க்கு மேலென்றால் எதிலும் இறங்காது. பக்கங்கள் உட்குழிவாகக் கடையப்பட்ட அலகு களத்துக்கு வேண்டாம். முதுகிலிருந்து வாய் வரை தட்டையாகச் சரியும் அலகே நம்பகமானது.

முனை, முதுகிலிருந்து மெல்ல இறங்கி வருவதாக இருக்கட்டும். முதுகைக் குழித்து ஊசியாக்கிய முனை முதல் நெம்பிலேயே போகும். முதுகு வாள்பல் மரம் அறுக்காது. அலகைத் தடியால் அடித்து விறகு பிளக்கும்போது தடியைத்தான் சிதைக்கும். வாயில் பாதி பல் வைத்த கத்தியை நைலோன் கயிற்றுக்காகச் சிலர் கேட்பார்கள். தேவையில்லை. நேர் வாயை 400 இலக்கக் கல்லோடு நிறுத்தினால், அந்தச் சொரசொரப்பே கரைவலைக் கயிற்றைச் சுகமாக இழுத்து அறுக்கும்.

பிடியும் உறையும்

மீன் வழுவழுப்பிலும் வியர்வையிலும் கை முன்னே வழுக்கி வாய்க்குப் போகாதபடி பிடியின் முன்னால் ஒரு தடுப்பு இருக்க வேண்டும். கையில் சவர்க்காரத் தண்ணீர் பூசிப் பிடித்து, மரக்கட்டையில் முனையை அழுத்திப் பார்த்தால் விளங்கும். அழுத்துங்கள், குத்த வேண்டாம்.

ஜி10, மைக்கார்ட்டா (துணியைப் பிசினில் தோய்த்து அழுத்திய கெட்டிப் பலகைகள்), நல்ல றப்பர் மூன்றும் உப்புக்கு அஞ்சாதவை. தோல் வளையங்களால் செய்த பிடி இங்கே பூஞ்சணம் பிடித்துச் சுருங்கும். பித்தளை ஆணி அழகுதான், ஆனால் உப்புநீர் பட்டால் பித்தளைக்குப் பக்கத்திலுள்ள இரும்பு விரைவாக அரிபடும். அலுமினிய ஆணி தானே கரையும். ஸ்டெயின்லெஸ் ஆணி கேளுங்கள். மரப்பிடிதான் வேண்டுமென்றால் சாவண்டலையைப் பாருங்கள். சிங்களத்தில் ஹல்மில்ல. ஆங்கிலேயர் இந்த ஊரின் பெயரையே சூட்டி 'ட்ரின்கோமலி மரம்' என்று எழுதிய அதே மரம், வள்ளம் கட்டவும் வண்டிச் சட்டத்துக்கும் பயன்பட்டது. அதிர்ச்சியைத் தாங்கும், எளிதில் வெடிக்காது.

உறை கைடெக்ஸ் (சூட்டில் வளைத்து வார்க்கும் பிளாஸ்டிக் தகடு) அல்லது வேறு கெட்டிப் பிளாஸ்டிக். அடியில் தண்ணீர் வடியும் துளை கட்டாயம். கத்தியைப் போட்டுத் தலைகீழாகப் பிடித்துப் பத்துத் தடவை உதறுங்கள், விழுந்தால் வாங்காதீர்கள். உள்ளே பிளாஸ்டிக் இல்லாத நைலோன் உறையைக் கத்தி முனை துளைத்துத் தொடைக்கு வரும். தோலுறை வைத்திருக்கலாம், ஆனால் கத்தியை அதற்குள் போட்டு வைத்துவிடக் கூடாது. தோல் ஈரத்தையும் உப்பையும் பிடித்து வைத்திருக்கும்.

மணலையும் மறக்க வேண்டாம். சாதாரணக் கடல்மணலே கத்தி உருக்கைக் கீறும். புல்மோட்டைக் கருமணலில் இல்மனைட் என்ற கனிமத்தோடு சிர்கோன் என்ற கனிமமும் கலந்திருக்கிறது. சிர்கோன் அதைவிடவும் கடினம். உறைக்குள் அந்த மணல் சேர்ந்தால் ஒவ்வொரு முறை உருவும்போதும் கூர் போகும். தண்ணீர் பீச்சிக் கழுவித் தலைகீழாகக் காயவிடுங்கள்.

வாங்குமுன் சோதிக்க

கூர் தீட்டிய பட்டைக்கு மேலே, பிடிக்குப் பக்கத்தில், ஒரு நல்ல அரத்தின் மூலையை மெல்ல இழுங்கள்; கடைக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான். வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கினால் உருக்கு மென்மை. கண்ணாடியில் போல வழுக்கினால் அளவுக்கு மிஞ்சிய கடினம். கொஞ்சம் வழுக்கி, அழுத்தினால் மட்டும் பற்ற வேண்டும். வீட்டுக்கு வந்தபின் 6 மி.மீ. பித்தளைக் கம்பியின்மேல் வாயைச் சாய்வாக வைத்து மிதமாக அழுத்தி இழுங்கள். வாய் வளைந்து திரும்பி நிமிர்ந்தால் தோய்ச்சல் சரி. வளைந்தபடி நின்றால் மென்மை. துணுக்கு உடைந்தால் திருப்பிக் கொடுங்கள்.

பட்டறைக் கத்தி

கொத்தி வெட்டும் வேலைக்கு, நல்ல கொல்லரிடம் லொறி வில்லுத்தகட்டில் அடிப்பிக்கும் காட்டுக்கத்தியை எந்த வெளிநாட்டுக் கத்தியும் வெல்லாது. வில்லுத்தகடு பெரும்பாலும் 5160 போன்ற குரோமியம் சிறிது கலந்த உருக்கு. அதிர்ச்சி தாங்கவே செய்யப்பட்டது. ஆனால் பழைய தகட்டில் மயிரிழை வெடிப்பு இருக்கலாம். மண்ணெண்ணெய் பூசி, பத்து நிமிடம் விட்டு, நன்றாகத் துடைத்து, வெண்கட்டித் தூள் தேயுங்கள். வெடிப்பு இருந்தால் எண்ணெய் கசிந்து கறுப்புக் கோடாகத் தெரியும். அந்தத் தகடு வேண்டாம்.

சூடாக்கும்போது காந்தம் ஒட்டாத நிலையைத் தாண்டிச் சற்றுக் கூடச் சூடு வர வேண்டும். பின்பு எண்ணெயில் தோய்க்கச் சொல்லுங்கள், தண்ணீரில் அல்ல. தண்ணீர் இந்த உருக்கை வெடிக்க வைக்கும். தோய்த்ததும் வேலை முடிந்துவிடாது. மினுக்கிவிட்டு மெல்லச் சூடாக்கி, வாயில் வைக்கோல் நிறம் மாறிக் கபிலம் வரும்போது நிறுத்த வேண்டும். இந்த இரண்டாம் சூட்டை அவசரத்தில் விட்டுவிட்ட கத்திதான் முதல் வெட்டில் பிறை வடிவில் உடைகிறது.

பராமரிப்பு

உப்புநீர் பட்ட கத்தியை அன்றைக்கே நன்னீரில் கழுவி, துடைத்து, வெயிலில் பத்து நிமிடம் காயவைத்து, மெல்லிய எண்ணெய் பூசுங்கள். தையல் மெசின் எண்ணெய் போதும். உணவும் வெட்டும் கத்திக்குத் தேங்காய் எண்ணெய். ஐப்பசி தொடங்கித் தை வரையான மழையில் வாரம் ஒரு தடவையாவது உறையிலிருந்து எடுத்துப் பாருங்கள். செம்புள்ளி கண்டால் எண்ணெயோடு மெல்லிய ஸ்டீல்வூல் தேய்த்தால் போகும். குழி விழுந்தபின் போகாது.

தீட்டும் கோணம் பக்கத்துக்கு 20 பாகை. அலகின் அகலம் 3 செ.மீ. என்றால் முதுகைக் கல்லிலிருந்து 1 செ.மீ. உயர்த்திப் பிடித்தால் அந்தக் கோணம் வரும். மீனுக்கு மட்டுமென்றால் கொஞ்சம் தாழ்த்தலாம். காய்ந்த பாலை, வீரைக்கு 22க்குக் குறையாதீர்கள். விறகு பிளக்கும்போது மரத்தடியால் மட்டும் முதுகில் தட்டுங்கள். கல்லாலும் சுத்தியலாலும் அடித்தால் முதுகு பிசிறும், வெடிப்பும் பிடிக்கும்.

வேலை முடிந்து ஊருக்குள் வரும்போது கத்தி இடுப்பில் தொங்க வேண்டாம். உறையில் போட்டு மற்றச் சாமான்களோடு பையின் அடியில் வையுங்கள். பஸ்ஸிலோ கடைத்தெருவிலோ இடுப்பில் தெரிந்தால் பொலிஸ் கேள்வி கேட்கும்; வேலைக்கு என்று சொல்லி விளங்கப்படுத்துவது உங்கள் பொறுப்பாகிவிடும். புறாத் தீவு 2003 முதல் தேசியப் பூங்கா. அங்கே போகும் நாளில் கத்தியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.