குளோரின் சோதனையைக் கடைசிக் குழாயில் செய்யுங்கள்

கிராமக் குடிநீர்ப் பணிக்குத் தன்னார்வலராகச் செல்கிறவர்கள் குளோரின் அளவை மேல்நிலைத் தொட்டியடியில் பார்க்காமல், தெருக்கோடியில் உள்ள கடைசிக் குழாயில் பாருங்கள். தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றி அரை மணி நேரமாவது கழித்துத் தண்ணீரைத் திறந்துவிடச் சொல்லுங்கள். கோடிக் குழாயில் பழைய நீர் ஓடித் தீர்ந்தபின் சோதனைக் குப்பியில் பிடித்து, குளோரின் இருப்பதை நிறத்தால் காட்டும் ஆர்த்தோடோலிடின் கரைசலைச் சொட்டுகளாக விட்டதும் இளமஞ்சள் நிறம் தெரிய வேண்டும்.

குழாய்க்குள் படிந்த அழுக்கும், கசிவு வழியே புகும் சாக்கடை நீரும் குளோரினை வழிநெடுகத் தின்றுவிடும். எனவே கோடியில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் எஞ்சியிருந்தால், அந்த வரிசையில் முன்னால் உள்ள வீடுகளுக்கும் பெரும்பாலும் கவலையில்லை. வீடு வீடாக அலைய வேண்டியதில்லை. நிறமே வரவில்லையா? உடனே பவுடரைக் கூட்டிவிடாதீர்கள். தொட்டியிலிருந்து ஒவ்வொரு குழாயாகப் பார்த்து வாருங்கள். மஞ்சள் திடீரென மறையும் இடத்துக்கு அருகில்தான் உடைப்பைத் தேட வேண்டும். தொட்டியடியிலேயே நிறம் இல்லையென்றால், வாய் திறந்து கிடந்து வீரியம் இழந்த பவுடர் மூட்டையைச் சந்தேகியுங்கள்.

குழாய் பல கிளைகளாகப் பிரியும் ஊரில் ஒவ்வொரு கிளையின் கோடியிலும் பார்க்க வேண்டும். கலங்கல் நீரை முதலில் தெளிய வைக்காமல் குளோரின் சரியாக வேலை செய்யாது. தருமபுரி போன்ற பகுதிகளில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு உப்பு மிகுந்திருக்கும் சிக்கலுக்கும் குளோரினுக்கும் தொடர்பில்லை. அதற்குத் தனி ஆய்வு தேவை.