சென்னைக்கு வேலை அனுப்பும் முன்

சுங்கை சிப்புட்டில் புதிதாக அச்சுக்கடை திறந்திருக்கும் தம்பி ஒருவர் போன வாரம் ஒட்டுக்கடையில் பெருமையாகச் சொன்னார்: "அண்ணே, கோவையில் ஒருவரிடம் வேலையைக் கொடுத்துவிட்டேன். இங்கே கேட்டதில் பாதி விலைதான். முழுப் பணத்தையும் கட்டியாகிவிட்டது." எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஒரு காலத்தில் நானும் இதே கடையில் இதே பெருமையோடு பேசியவன்தான். மாதிரி கேளுங்கள், முன்பின் விசாரியுங்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அதை விட்டுவிட்டு, பலர் கவனிக்காத தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

மூலக் கோப்பு வராமல் கணக்கை முடிப்பது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. தோட்டக் கோயில் ஒன்றின் குடமுழுக்கு மலர், 120 பக்கம். சென்னைக்காரர் ஒருவரிடம் பக்க வடிவமைப்பைக் கொடுத்தேன். அழகாகத்தான் செய்தார். பிடிஎஃப் வந்தது, மீதிப் பணம் போனது. அச்சுக்குக் கொடுக்கும் நேரத்தில் கோயில் தலைவர் வந்து நின்றார்: நன்கொடையாளர் பட்டியலில் ஒரு குடும்பமே விடுபட்டிருக்கிறது. ரப்பர் பால் வெட்டிச் சேர்த்த காசைக் கொடுத்தவர்கள், விட்டுவிட முடியுமா?

பிடிஎஃபைத் திறந்து பார்த்தால் எழுத்துகள் எல்லாம் கோட்டுப் படங்கள், தட்டித் திருத்த முடியாது. அச்சகத்தில் எழுத்துரு மாறிவிடாமலிருக்க அப்படிச் செய்வது வழக்கம்தான். ஓர் எழுத்துப் பிழை என்றால் வேறிடத்திலிருந்து வெட்டி ஒட்டியிருப்பேன். இங்கே பட்டியலே நகர வேண்டும். திருத்தக்கூடிய மூலக் கோப்பைக் கேட்டேன். "அது இந்த விலையில் சேராது, சார்" என்று, வாங்கிய கூலியில் பாதியை மறுபடியும் கேட்டார். கொடுத்தேன். வந்த கோப்போ, எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு முறைக்கு முந்தைய எழுத்துருவில் தட்டியது. என் கணினியில் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரிந்தது. எழுத்துருவை அனுப்பச் சொன்னால் பதிலே இல்லை. மனைவியும் நானும் மூன்று இரவு உட்கார்ந்து, பட்டியல் முழுவதையும் முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளில் புதிதாகத் தட்டினோம். அந்த மலரில் எனக்கு மிஞ்சியது பிரசாதம்தான்.

இப்போது முதல் கடிதத்திலேயே எழுதிவிடுகிறேன்: எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, யூனிகோடு எழுத்துரு, படங்கள் தனியாக. கோப்பை என் கணினியில் திறந்து ஒரு வரியை மாற்றிப் பார்த்த பிறகே கடைசித் தவணை.

இதோடு ஒட்டியது உரிமை. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், சொல்லிச் செய்வித்த படைப்பின் உரிமை செய்வித்தவருக்குப் போய்விடும். அந்த நினைப்பில்தான் நாம் அசட்டையாக இருக்கிறோம். இந்தியாவின் 1957ஆம் ஆண்டுச் சட்டத்தில், ஊழியரல்லாத ஒருவர் எழுதிய நிரலும் கட்டுரையும் முதலில் அவருக்கே சொந்தம். எழுத்தில், கையொப்பமிட்டு மாற்றித்தர வேண்டும். அந்தத் தாளில் காலம் குறிக்காவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிக்காவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று கொள்ளப்படும். பேராக்கில் முறுக்கு விற்பவரின் இணையத்தளத்துக்கு இந்தியாவுக்குள் மட்டும் உரிமை எதற்கு? 'பதிப்புரிமைக் காலம் முழுவதும், உலகெங்கும்' என்று ஒரு வரி சேர்த்துக் கையொப்பம் வாங்குங்கள். எந்த நாட்டுச் சட்டம் செல்லும் என்று பிறகு வாதாட வழக்கறிஞருக்குக் கொடுக்கும் வெள்ளியில் இன்னொரு மலரே போட்டுவிடலாம்.

இணையப் பெயர்

இணையத்தளத்தின் முகவரிப் பெயரை உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் பதியுங்கள்.

வரியை மறப்பது

வெளிநாட்டிலிருந்து வாங்கும் தகவல் தொழில்நுட்பம், ஆலோசனை போன்ற சேவைகளுக்கு இங்கே சேவை வரி உண்டு. 2019இல் 6 விழுக்காட்டில் தொடங்கியது. 2024 மார்ச் 1 முதல் 8 விழுக்காடு. கட்ட வேண்டியவர் வாங்கும் நிறுவனம்தான். 'பாதி விலை' என்று கணக்குப் போடும்போது இதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

வங்கிக் கழிவு

பணம் அனுப்பும்போது வங்கி பிடிக்கும் கட்டணம் யார் தலையில் என்று முன்பே பேசுங்கள்.

கெடு

பொங்கல் வாரத்தில் வைக்காதீர்கள்.

நேரம்

தமிழ்நாடு நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். தம்பி காலை ஒன்பது மணிக்குக் கடையைத் திறந்ததும் கோவைக்கு அழைக்கிறார். அங்கே ஆறரை. யாரும் எடுப்பதில்லை என்று என்னிடம் வந்து புலம்புகிறார்.