இரண்டு மீன்கள் ஒரே சிற்றினமா: மரபணுவைக் கொண்டு முடிவுசெய்யும் முறை

ஒரே ஆற்றில் கிடைத்த, நிறத்திலும் புள்ளியிலும் மாறுபட்ட இரு மீன்கள் தனித்தனிச் சிற்றினங்களா, ஒன்றின் இரு சாயல்களா என்று அறியும் வேலை மீன் கைக்கு வந்தவுடனேயே தொடங்கிவிடுகிறது. உயிருள்ளபோது இருக்கும் நிறம் விரைவில் மங்கிவிடும் என்பதால் முதலில் மீனின் இடப்பக்கத்தைப் படமெடுங்கள். பிறகு வலப்பக்கத் துடுப்பில் சிறு துண்டை வெட்டி 95 சதவீத எத்தனாலில் இட்டு, அதன் பின்னரே உடலை, கெடாமல் காக்கும் பார்மலின் கரைசலில் வையுங்கள். பார்மலின் டிஎன்ஏவைச் சிதைத்துவிடும். ஆகவே இந்த வரிசை மாறக் கூடாது. துண்டுக்கும் உடலுக்கும் ஒரே எண் இருக்க வேண்டும்.

மாதிரி சேகரிப்பில்தான் பல ஆய்வுகள் தடுமாறுகின்றன. நன்னீர் மீன்கள் ஒரு வடிநிலத்திலிருந்து (ஓர் ஆற்றுக்கு நீர் வந்துசேரும் பரப்பிலிருந்து) மற்றொன்றுக்கு எளிதில் கடக்க முடியாததால், பிரிந்து வாழும் கூட்டங்களிடையே மரபணு வேறுபாடு தானாகவே சேர்ந்துகொண்டு போகும். ஆற்றின் தலைப்பகுதியிலும் கடைப்பகுதியிலும் மட்டும் மீன் பிடித்தால், இடையில் படிப்படியாக நிகழும் மாற்றம் கண்ணில் படாமல், இரு சிற்றினங்கள் இருப்பதாகத் தோன்றும். எனவே இடைப்பட்ட இடங்களிலிருந்தும், ஒவ்வோரிடத்திலும் பல மீன்களை எடுங்கள்.

அடுத்து, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா என்ற உறுப்பிலுள்ள, சிற்றினங்களை அடையாளம் காணப் பயன்படும் சிஓஐ (COI) மரபணுவில் ஏறத்தாழ 650 காரங்கள் (டிஎன்ஏவின் எழுத்து போன்ற அலகுகள்) கொண்ட பகுதியை வரிசைப்படுத்துங்கள், அதாவது அந்த எழுத்துகளின் வரிசையைப் படித்தெடுங்கள். கிடைத்த வரிசையை, முதுகெலும்பிகளின் மைட்டோகாண்ட்ரியக் குறியீட்டு அட்டவணைப்படி புரதமாக மாற்றிப் பாருங்கள். நடுவில் நிறுத்தக் குறி (புரதம் இங்கே முடிகிறது என்று காட்டும் குறி) வந்தால் அது செல்லின் உட்கரு டிஎன்ஏவில் ஒட்டிக்கொண்ட, செயல்படாத பழைய நகலாக இருக்கக்கூடும் என்பதால் அதை ஒதுக்கிவிட வேண்டும். பொதுத் தரவுத்தளங்களில் தவறான பெயரோடு பதிவான வரிசைகளும் உண்டு. ஒரு சிற்றினம் முதன்முதலாக விவரிக்கப்பட்ட இடத்து மீனோடு ஒப்பிடுவதே நம்பகமானது.

இரு மீன்களின் சிஓஐ வரிசைகள் இரண்டு சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் வேறு சிற்றினம் என்பது ஒரு கைக்கணக்கு, விதி அல்ல. ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் சுமார் 15,000 ஆண்டுகளுக்குள் கிளைத்த நூற்றுக்கணக்கான சிக்லிட் குடும்ப மீன் சிற்றினங்களை இந்த மரபணுவால் பிரித்தறிவது மிகக் கடினம். மேலும், இது தாய்வழியாக மட்டும் வருவதால் கலப்பின மீனும் தாயின் சிற்றினமாகவே தெரியும். ஆகவே தாய், தந்தை இருவரிடமிருந்தும் வரும், ஆர்ஏஜி1 (RAG1) போன்ற உட்கரு மரபணுக்களையும் கட்டாயம் பாருங்கள். ஒரே நீரில் கூடி வாழும் இரு வடிவங்களை இரு வகை மரபணுக்களும் ஒரே மாதிரி பிரித்து, கலப்பு மீன் எதுவும் தென்படாவிட்டால், அவை தம்முள் இனப்பெருக்கம் செய்வதில்லை என்பதற்கு அதைவிட வலுவான சான்று கிடைப்பது அரிது.

வெவ்வேறு ஆறுகளில் வாழ்பவையானால் இந்தச் சோதனைக்கு வழியில்லை. அப்போது பக்கக்கோட்டுச் செதில்கள் (உடலின் பக்கவாட்டில் நீளும் உணர்வுக் கோட்டின் மேலுள்ளவை), துடுப்புக் கதிர்கள் (துடுப்பைத் தாங்கும் முள் போன்றவை) ஆகியவற்றின் எண்ணிக்கையும் மரபணுவோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். மைட்டோகாண்ட்ரியா மட்டும் வேறுபட்டால் புதுப்பெயர் சூட்டாமல், இடத்தைக் குறிப்பிட்டுத் தனி மரபுவழியாக மட்டும் பதிவு செய்யுங்கள்.