போர் பற்றிய எழுத்தைப் பகட்டில் மயங்காமல் படிக்கும் முறை

போர் வரலாறுகளையும் படைவீரர்களின் நினைவுக்குறிப்புகளையும் விரும்பிப் படிப்போர் பலர். அவர்களுள் பெரும்பாலோர் அவற்றில் தேடுவது வீரத்தை. அதில் தவறேதுமில்லை, ஆனால் வீரத்தை மட்டுமே தேடிப் பக்கங்களைப் புரட்டுகிறவருடைய கண்ணில், அந்தச் சிப்பாய் உண்மையில் வாழ்ந்து கழித்த நாட்கள் படுவதேயில்லை. அந்த நாட்களையும் சேர்த்துப் படிப்பதற்கு ஒரு பயிற்சி வேண்டும். அதற்கு உதவக்கூடிய சில வழிகளை இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலையாக, சொல்லப்படும் நிகழ்ச்சி எவ்வளவு நேரம் நடந்தது என்றும் அதற்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்றும் பாருங்கள். 1854 அக்டோபர் 25 அன்று கிரிமியாவின் பாலக்லாவாவில் ஏறத்தாழ 670 பிரிட்டிஷ் குதிரைவீரர்கள், தெளிவில்லாத ஓர் ஆணையை ஏற்று, மூன்று புறமும் பீரங்கிகள் இருந்த பள்ளத்தாக்குக்குள் பாய்ந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கிரிமியப் போர் என்றதும் இன்றும் பலருக்கு நினைவுக்கு வருவது இந்தப் பாய்ச்சல்தான். அது அரைமணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. அதே போரில் இறந்த ஏறத்தாழ 21,000 பிரிட்டிஷ் வீரர்களுள் சுமார் 16,000 பேர் காலராவாலும் சீதபேதியாலும் பிற நோய்களாலும் மாண்டவர்கள். குளிருக்கு ஏற்ற உடையும் போதிய உணவும் வந்து சேராத ஒரு குளிர்காலம் முழுவதும் அவர்கள் கூடாரங்களில் கிடந்தார்கள். அந்த மாதங்களுக்கு யாரும் பாட்டுக் கட்டவில்லை. ஆகவே எந்தப் போர்க்கதையைப் படித்தாலும், அந்தப் படைப்பிரிவு அந்த ஆண்டின் மற்ற நாட்களில் எங்கே இருந்தது, என்ன செய்துகொண்டிருந்தது என்று தேடிப் பாருங்கள். மண் வெட்டியது, சுமை தூக்கியது, காவல் நின்றது, காத்திருந்தது என்பனவே பெரும்பாலும் விடையாகக் கிடைக்கும்.

அடுத்ததாக உடம்பைக் கவனிக்க வேண்டும். நான் மிக முக்கியமாகக் கருதும் வழி இதுதான். ஒரு நூலில் வீரர்களின் கால், தூக்கம், வயிறு, முதுகுச்சுமை ஆகியவை பற்றி ஒரு வரிகூட இல்லையென்றால், அந்த நூலாசிரியர் களத்தைத் தொலைவிலிருந்தே பார்த்திருக்கிறார் என்று கொள்ளலாம். முதல் உலகப்போரின் முதல் குளிர்காலத்தில், நீர் தேங்கிய பதுங்குகுழிகளில் நாட்கணக்கில் நின்ற வீரர்களின் பாதங்கள் மரத்து, வீங்கி, அழுகத் தொடங்கின. சிலருக்கு விரல்களையோ பாதத்தையோ வெட்டியெடுக்க நேர்ந்தது. அதற்குப் பிரிட்டிஷ் படை கண்ட மருந்து மிக எளிமையானது: காலுறைகளை அடிக்கடி மாற்றுவது, பாதத்தில் திமிங்கல எண்ணெயைத் தேய்ப்பது. பல பிரிவுகளில் வீரர்களை இருவர் இருவராகச் சேர்த்து, ஒருவர் பாதத்துக்கு மற்றவரைப் பொறுப்பாக்கினார்கள். சேற்றில் குந்தி, தோழனுடைய நாற்றமெடுத்த பாதத்தை மடியில் வைத்து எண்ணெய் தேய்க்கும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். தோழமை என்று போர் நூல்கள் சொல்வதன் பெரும்பகுதி இத்தகைய வேலைகளில்தான் இருந்தது.

பர்மா எல்லையில் 1943-ஆம் ஆண்டு நிலைமை இன்னும் கடுமையாக இருந்தது. காயம்பட்டு வெளியேற்றப்பட்ட ஒவ்வொருவருக்கும் 120 பேர் நோயால் வெளியேற்றப்பட்டார்கள் என்று தளபதி வில்லியம் ஸ்லிம் பதிவு செய்திருக்கிறார். மலேரியாத் தடுப்பு மாத்திரையை வீரர்கள் ஒழுங்காக விழுங்குகிறார்களா என்று முன்னறிவிப்பின்றிப் பரிசோதனை நடத்தி, தவறிய பிரிவுகளின் தலைமை அதிகாரிகள் மூவரை அவர் பதவியிலிருந்து நீக்கினார். சியாச்சின் பனியாற்றில் 1984 முதல் இந்தியப் படையும் பாகிஸ்தான் படையும் எதிரெதிரே நிற்கின்றன. அங்கே குண்டுபட்டு இறந்தோரைவிடக் குளிராலும் உயரத்தாலும் பனிச்சரிவாலும் இறந்தோரே அதிகம். 2012 ஏப்ரலில் பாகிஸ்தான் படையின் கயாரி முகாமின் மேல் சரிந்த பனி 140 பேரைப் புதைத்தது. அன்று அங்கே ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை.

மூன்றாவதாக, யார், யாரிடம், எப்போது, யார் பார்வைக்கு உட்பட்டுச் சொன்னார் என்று கேட்க வேண்டும். களத்திலிருந்து வந்த கடிதம் என்பதாலேயே அதில் முழு உண்மையும் இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் வீரர்களுக்கு அச்சிட்ட அஞ்சலட்டை ஒன்று தரப்பட்டது. ‘நான் நலமாக இருக்கிறேன்’, ‘மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருக்கிறேன்’, ‘உங்கள் கடிதம் கிடைத்தது’ என்பன போன்ற வரிகள் அதில் வரிசையாக இருக்கும். வேண்டாதவற்றை அடித்துவிட்டு, தேதியும் கையொப்பமும் மட்டும் இட வேண்டும். வேறெதையும் சேர்த்தால் அட்டை அழிக்கப்படும் என்று அதிலேயே அச்சிட்டிருந்தார்கள். ‘எனக்குப் பயமாக இருக்கிறது’ என்பதற்கு அதில் வரி இல்லை. அடிக்காமல் விடப்பட்ட ‘நலமாக இருக்கிறேன்’ என்பதை மட்டும் வைத்து அந்த வீரரின் மனநிலையை யாரும் கணித்துவிட முடியாது.

அதே போரில் பிரான்சில் நின்ற இந்தியச் சிப்பாய்களின் கடிதங்களுக்குத் தனியாகத் தணிக்கை அலுவலகம் இருந்தது. எழுதத் தெரியாத பலர், தெரிந்த ஒருவரிடம் சொல்லி எழுதுவித்தார்கள். தணிக்கையாளர்கள் ஆங்கிலத்தில் பெயர்த்து வைத்த பகுதிகள்தாம் பெரும்பாலும் இன்று நமக்குக் கிடைக்கின்றன. அதாவது ஒருவர் சொல்லி, ஒருவர் எழுதி, மற்றொருவர் தேர்ந்தெடுத்து மொழிபெயர்த்ததைத்தான் நாம் படிக்கிறோம். தணிக்கை இருப்பதை அறிந்த சிப்பாய்கள் இந்தியப் படையைக் கருமிளகு என்றும் வெள்ளையர் படையைச் செம்மிளகு என்றும் மறைத்து எழுதினார்கள். எந்த மிளகு தீர்ந்துகொண்டிருக்கிறது என்பதே ஊருக்குப் போன செய்தி. இதை அறிந்த பிறகு படித்தால், ஒரு சாதாரண நலம் விசாரிப்புக்குள்ளேயும் எவ்வளவு புதைந்திருக்கலாம் என்பது விளங்கும்.

படங்களுக்கும் இதே சோதனை பொருந்தும். முதல் உலகப்போரில் பிரான்சில் நடந்த சோம் போரைக் காட்டும் ஆவணப்படம் ஒன்று 1916 ஆகஸ்டில் பிரிட்டனில் திரையிடப்பட்டது. பதுங்குகுழியிலிருந்து மேலேறும் வீரர்களுள் சிலர் சரிந்து விழும் அதன் புகழ்பெற்ற காட்சி, களத்துக்குப் பின்னே பாதுகாப்பான இடத்தில் நடித்து எடுக்கப்பட்டது. காட்சி நடிப்பென்றாலும் இழப்பு உண்மையே: சோம் போரின் முதல் நாளான 1916 ஜூலை 1 அன்று மட்டும் பிரிட்டிஷ் தரப்பில் 19,240 பேர் இறந்தார்கள். காயம்பட்டோரையும் காணாமற்போனோரையும் சேர்த்தால் மொத்த இழப்பு 57,470.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். பகட்டை உரித்தெடுக்கும் ஆர்வத்தில், சிப்பாயை வெறும் பலியாளாக மட்டும் பார்ப்பதும் அவருக்கு இழைக்கும் அநீதியே. குண்டு மழைக்கு நடுவே ஆயுதமின்றி ஓடி, காயம்பட்டவரைச் சுமந்து வந்தவர்கள் உண்மையாகவே இருந்தார்கள். தம் பிரிவைப் பற்றிய பெருமையையும், அந்த நாட்களின் நெருக்கம் பிறகு எங்கும் கிட்டவில்லை என்ற ஏக்கத்தையும் பல முன்னாள் வீரர்கள் மனமாரச் சொல்கிறார்கள். ஒரே மனிதர் ஒரே பக்கத்தில் பெருமையையும் அருவருப்பையும் எழுதியிருந்தால், இரண்டையும் அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். நமக்குப் பிடித்ததை மட்டும் எடுத்துக்கொள்ள நமக்கு உரிமையில்லை.

போர் முடிந்த தேதியோடு நூலை மூடிவிடாமல், பின்விளைவுகளையும் தேடிப் படிக்க வேண்டும். எறிகணை வெடிப்புகளுக்கு நடுவே மனம் சிதைந்தவர்களைப் பற்றி மருத்துவர் சார்லஸ் மையர்ஸ் 1915-இலேயே மருத்துவ இதழில் எழுதினார். இருந்தும் முதல் உலகப்போரில் ஓடிப்போனதற்காகவும் கோழைத்தனத்துக்காகவும் இவை போன்ற பிற குற்றங்களுக்காகவும் சுட்டுக் கொல்லப்பட்ட 306 பிரிட்டிஷ், காமன்வெல்த் படைவீரர்களுக்கு 2006-இல்தான் மன்னிப்பு வழங்கப்பட்டது. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் இடம்பெற்றது 1980-இல். அதற்கு முந்தைய நினைவுக்குறிப்புகளில் இந்தப் பெயர் இராது. தூக்கமின்மை, திடீர்ச் சினம், குடி, வீட்டாரிடம் பேசாமை என்ற வடிவங்களில் அது ஆங்காங்கே தலைகாட்டும். அந்த வரிகளைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

இறுதியாக, நூலை விட்டுவிட்டு முன்னாள் படைவீரர் ஒருவரிடமே கேட்கும் வாய்ப்பு அமைந்தால், எத்தனை பேரைக் கொன்றீர்கள் என்ற கேள்வியை ஒருபோதும் கேட்காதீர்கள். ஆர்வத்தால் பலர் கேட்பது அதுதான். பல வீரர்கள் பேச்சை நிறுத்திக்கொள்வதும் அங்கேதான். என்ன சாப்பிட்டீர்கள், எங்கே தூங்கினீர்கள், பக்கத்தில் யார் இருந்தார், விடுப்பில் வீட்டுக்கு வந்த முதல் வாரம் எப்படிக் கழிந்தது என்று கேளுங்கள். சிறிய, பிடிப்பான கேள்விகளுக்கே நினைவு திறக்கும். அவர் பாதியில் நிறுத்தினால் அந்த இடத்தை நிரப்ப முயலாமல் காத்திருங்கள். பேச்சை மாற்றினால் நீங்களும் மாற்றிக்கொள்ளுங்கள். அவர் சொன்னதை எழுத நினைத்தால் முதலில் இசைவு கேளுங்கள். எழுதியதை வெளியிடும் முன் அவரிடம் படித்துக் காட்டி, அவர் நீக்கச் சொல்வதை மறுபேச்சின்றி நீக்கிவிடுங்கள்.