கத்திரி வெயிலுக்குப் பயந்து அந்தமானுக்கு ஓடாதீர்கள்

வேலூரில் ஏப்ரல் பிறந்துவிட்டால் வெயிலைத் தவிர வேறு பேச்சு இருக்காது. முழு ஆண்டுத் தேர்வு முடிந்த வீடுகளில் அந்தமான் பேச்சும் கூடவே கிளம்பும். இங்கே 40 டிகிரியைத் தாண்டுகிறது. கைபேசியில் பார்த்தால் அங்கே 31தான். உடனே மே மூன்றாம் வாரத்துக்கு டிக்கெட் போட்டுவிடுகிறார்கள். நம் ஊர்க்காரர்கள் செய்யும் தவறுகளில் முதலிடம் இதற்குத்தான்.

தென்மேற்குப் பருவமழை என்றால் நமக்கு ஜூன் முதல் தேதியும் கேரளமும்தான் நினைவுக்கு வரும். ஆனால் அந்த மழை கேரளத்தைத் தொடுவதற்குப் பத்து நாள் முன்பே, பெரும்பாலும் மே 20ஐ ஒட்டி, அந்தமான் கடலில் இறங்கிவிடுகிறது. இங்கே கத்திரி கழிவதற்குள் அங்கே குடை விரித்தாகிவிடும். வேலூரில் ஓர் ஆண்டில் பெய்வது சுமார் 1,000 மில்லிமீட்டர். அங்கே ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆடி, ஆவணியில் நம் ஊரில் இரவு இடித்துக் கொட்டிவிட்டுக் காலையில் பளிச்சென்று விடியுமே, அந்தக் கணக்கை அங்கே போடாதீர்கள். பிடித்தால் நாள்கணக்கிலும் பிடிக்கும். கடல் கலங்கும், பவளப் பாறை பார்க்கப் போனவர்கள் விடுதி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

அந்த 31 டிகிரியையும் நம்பக்கூடாது. வேலூரும் அந்தமானின் தலைநகர் போர்ட் பிளேரும் (2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறியது) கிட்டத்தட்ட ஒரே அட்சரேகையில்தான் இருக்கின்றன. ஆனால் நம்முடையது பாறை மலைகள் சூடேற்றும் வறண்ட வெயில். மொட்டை மாடியில் போட்ட துண்டு அரை மணியில் மொடமொடவென்று காய்ந்துவிடும். அங்கே நான்கு பக்கமும் கடல். இரவு கொடியில் போட்ட துண்டை விடியற்காலையில் தொட்டால் பிசுபிசுவென்று அப்படியே இருக்கும். வியர்வைக்கும் அதே கதிதான்: வழியுமே தவிர ஆறாது. வயதானவர்களை நடுப்பகலில் கடற்கரைக்கு அழைத்துப் போகிறவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

அடுத்தது தீபாவளி விடுமுறைக்குக் கிளம்புகிறவர்கள். ‘அந்தமான் அருகே காற்றழுத்தத் தாழ்வு’ என்று செய்தி வந்தால், பள்ளிக்கு விடுமுறை விடுவார்களா என்று பார்ப்பதோடு நம் கவலை முடிந்துவிடும். நமக்கு நாலு நாள் கழித்து வரப்போகும் மழை, அவர்களுக்கு அன்றைய மழை. 2016 டிசம்பரில் சென்னையைப் புரட்டிப்போட்ட வர்தா புயல், அதற்குச் சில நாள் முன்பு அந்தமானுக்கு அருகே உருவானபோதே ஹேவ்லாக் தீவில் நூற்றுக்கணக்கான சுற்றுலாப் பயணிகளைச் சிக்கவைத்தது. கடற்படைக் கப்பல்கள் போய் மீட்டுவந்தன. அக்டோபர் முதல் டிசம்பர் வரை எப்போது வேண்டுமானாலும் இது நடக்கலாம். ஹேவ்லாக் (இப்போது ஸ்வராஜ் தீவு), நீல் தீவுகளுக்குப் பெரும்பாலும் கப்பலில்தான் போய்வர வேண்டும். காற்று பலத்தால் கப்பல் ஓடாது. காலையில் கப்பல், மாலையில் சென்னை விமானம் என்று ஒரே நாளில் கோத்துவைப்பது சூதாட்டம். கடைசி இரவைப் போர்ட் பிளேரில் வைத்துக்கொள்ளுங்கள்.

சூரியன் விஷயத்திலும் ஏமாறுகிறவர்கள் உண்டு. கடிகார நேரம் ஒன்றுதான், ஆனால் தீவு கிழக்கே தள்ளியிருப்பதால் டிசம்பரில் மாலை ஐந்துக்கே பொழுது சாய்ந்துவிடும். வேலூரைவிட ஏறக்குறைய 50 நிமிடம் முன்னால். மதியம் சாப்பிட்டுக் குட்டித் தூக்கம் போட்டுவிட்டு ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரைக்குக் கிளம்பினால் இருட்டைத்தான் பார்க்கலாம்.

மார்கழிக் குளிருக்கு ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாயும் மூட்டை கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே ஆண்டு முழுவதும் இரவில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம்.

என்னைக் கேட்டால் பொங்கல் கழிந்து மார்ச் வரை நல்ல காலம். மழை குறைவு, கடல் அடங்கியிருக்கும், தண்ணீரும் தெளிவு. பிள்ளைகளின் பள்ளி அதற்கு விடாது என்றால், தேர்வு முடிந்த கையோடு ஏப்ரல் கடைசியில் போய்வந்துவிடுங்கள். புழுங்கும், வங்கக் கடலில் கோடைப் புயலும் வரக்கூடும் என்பதால் கிளம்புவதற்கு முன் வானிலை அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வாரமும் கிடைக்காவிட்டால், அந்த வருஷம் ஏலகிரிதான்.