சின்னத் திரை வேண்டுமா? கார் கடையில் கேளுங்கள்

ராஸ்பெரி பை (கையடக்கக் கணினி), ஆர்டுயினோ (நிரல் எழுதி இயக்கும் சின்ன மின்னணு போர்டு) என்று ஏதாவது செய்பவர்களுக்கு ஒரு சின்ன வீடியோ திரை பல நேரம் தேவைப்படும். அதற்கென்றே விற்கும் எச்டிஎம்ஐ திரைகளின் விலையைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம். கார் ரிவர்ஸ் கேமராவோடு வரும் 4.3 அங்குல மானிட்டரை வாங்குங்கள். சென்னை என்றால் ரிச்சி தெருவிலோ ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலோ மானிட்டர் மட்டும் தனியாகவே கிடைக்கும்.

சிவப்பு, கறுப்பு வயர்களுக்கு 12 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டர் போதும். மஞ்சள் பின்னில் காம்போசிட் வீடியோ (பழைய டிவிகளில் ஒரே வயரில் வந்த அனலாக் வீடியோ) கொடுத்தால் படம் வந்துவிடும். ராஸ்பெரி பை 3, 4 இரண்டிலும் 3.5 மி.மீ. ஆடியோ ஜாக்கிலேயே இந்த வீடியோ இருக்கிறது. பை 4-இல் அமைப்புகளுக்குள் போய் அதை இயக்க வேண்டும், புதிய மென்பொருள் என்றால் பை 3-இலும் இது தேவைப்படலாம். பை 5-இல் அந்த ஜாக்கே கிடையாது.

இந்த ஜாக்கிலிருந்து மஞ்சள் பின்னுக்குப் போகும் கேபிள் வாங்கும்போதுதான் கவனம் தேவை. பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே வயர் வரிசை மாறும். பிளக்கின் அடிப்பகுதி வளையத்துக்கும் கேபிளின் மஞ்சள் பின் நடுமுனைக்கும் இடையே இணைப்பு இருக்கிறதா என்று மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்துப் பாருங்கள். பீப் சத்தம் வந்தால் சரியான கேபிள். பெரும்பாலும் படம் வராததற்குத் தவறான கேபிள்தான் காரணம், திரை கெட்டுப்போனதாக நினைத்துத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்!

ஆர்டுயினோ ஊனோவில் 470 ஓம், 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டும் டிவிஅவுட் லைப்ரரியும் (டிவி சிக்னல் உருவாக்கும் ஆயத்த நிரல்) இருந்தால் கறுப்பு வெள்ளைப் படம் வரும். பொடி எழுத்து மட்டும் மங்கலாகத் தெரியும், எழுத்தைப் பெரிதாக வைத்துக்கொள்ளுங்கள்.