பழைய வாட்சுக்குப் பாலிஷ் போடாதீர்கள்

ரயில்வேயிலோ சர்க்கரை ஆலையிலோ ஓய்வுபெற்ற தாத்தாவுக்குக் கொடுத்த வாட்ச் டர்பனில் சில வீட்டுப் பீரோக்களில் இன்னும் கிடக்கிறது. விற்கலாம் என்று எடுத்ததும் பலர் செய்யும் முதல் வேலை, பாலிஷ் போடக் கொடுப்பது. கேஸின், அதாவது வாட்சின் உலோகக் கூட்டின், கூரான விளிம்பு ஒருமுறை மழுங்கினால் மழுங்கியதுதான். பின்மூடியில் பொறித்த பெயரையும் தேய்த்து அழிக்காதீர்கள், தகடு மெலிந்துவிடும்.

விலையில் பெரும்பங்கு டயலுக்குத்தான். நம் ஊர்க் கடல் ஈரத்துக்கு டயலில் புள்ளி விழுவது சகஜம். அதைப் பார்த்து ஒதுக்கிவிட்டு, மறுபடி பெயின்ட் அடித்த 'புத்தம்புது' டயலுக்கு அதிகம் கொடுக்கிறார்கள். சேகரிப்பவர்கள் கணக்கு இதற்கு நேர் எதிர். பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்: எழுத்து தடித்துப் பிசிறியிருக்கிறதா? நிமிடக் கோடுகள் சீரில்லாமல் இருக்கின்றனவா? அப்படியானால் அது மறுபடி பெயின்ட் அடித்த டயல். இந்தியாவிலிருந்து வரும் பளிச்சென்ற ஆரஞ்சு, பச்சை டயல் எச்.எம்.டி.களை நான் சந்தேகத்தோடுதான் தொடுவேன்.

முள்ளில் பூசிய ஒளிப்பூச்சும் காட்டிக்கொடுக்கும். அந்தப் பூச்சை ஒளிரவைத்த கதிரியக்கப் பொருளான டிரிடியத்தின் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறையும் காலம், சுமார் 12 ஆண்டு. 1970-களின் வாட்ச் இன்றும் இருட்டில் விடியவிடிய ஒளிர்ந்தால், பூச்சையோ முள்ளையோ யாரோ மாற்றியிருக்கிறார்கள். அதற்கும் முந்தைய வாட்சுகளில் ரேடியம் இருக்கலாம். ஒளி மங்கினாலும் கதிர்வீச்சு போகாது. திறந்து சுரண்ட வேண்டாம்.

செய்கோ என்றால் பின்மூடியைத் திருப்புங்கள். 6119-8083 போன்ற எண்ணில் முதல் நான்கு இலக்கம் மெஷினைக் குறிக்கும். 6119 என்று போட்ட மூடிக்குள் 7009 மெஷின் இருந்தால் அது பல வாட்ச் சேர்ந்து ஆன ஒரு வாட்ச். வரிசை எண்ணின் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், அடுத்தது மாதம். எந்தப் பத்தாண்டு என்பதை மாடலை வைத்துத்தான் சொல்ல முடியும்.

தங்க கேஸா? 22 காரட் நகைக்குப் பழகிய நம் கண் 375 முத்திரையைப் பார்த்ததும் முகம் சுளிக்கும். அது 9 காரட் தங்கம்தான், போலி இல்லை. 'மைக்ரான்' என்று போட்டிருந்தால் முலாம். எதுவானாலும் எடைக்கு விற்க அவசரப்படாதீர்கள், உருக்கிவிட்டால் வாட்ச் போச்சு.

அப்புறம் விலை. இணையத்தில் கேட்கும் விலையை நம்பாதீர்கள், விற்று முடிந்த விலையைத் தேடுங்கள். "நல்லா ஓடுது" என்றால் பராமரித்த வாட்ச் என்று அர்த்தமில்லை. கழுவி எண்ணெய் போடும் செலவைக் கழித்துக்கொண்டுதான் பேரம் பேச வேண்டும்.